மரப் பேனாவுக்குச் சூப்பர் குளூ மெருகு: முதல்முறை செய்கிறவர்களுக்குப் படிப்படியாக

கடைந்து முடித்த மரப் பேனாவில் மெழுகோ எண்ணெயோ தேய்த்தால் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். இரண்டு மாதம் சட்டைப் பையில் கிடந்து, வியர்வைக் கை பட்டுப் பட்டு, விரல் பிடிக்கிற இடம் மட்டும் கருத்துவிடும். இதைத் தவிர்க்கத்தான் பேனா கடைபவர்களில் பலர் சூப்பர் குளூவை மேற்பூச்சாகப் போடுகிறார்கள். வேதியியல் பெயர் சயனோஅக்ரிலேட். இறுகியபின் அது மரத்தின் மேல் தெளிவான, கெட்டியான அக்ரிலிக் தோலாகிவிடும்; வியர்வை உள்ளே இறங்காது, மர வரிகள் நனைந்தது போல ஆழமாகத் தெரியும்.

மரத்தை மரமாகவே தொட்டுப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த மெருகு பிடிக்காது. கையில் படுவது பிளாஸ்டிக்தான். சந்தனத்துக்கும் இது வேண்டாம். வாசனை பூச்சுக்கு அடியில் மூடிக்கொள்ளும்.

முதல் சில பேனாக்கள் கெடும், அதற்குத் தயாராக இருங்கள். கெடும்போது எல்லோரும் பசை பூசிய விதத்தைத்தான் சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் பிழை அதற்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும்: மரம் காயவில்லை, தூசி போகவில்லை, சமன் செய்யும்போது அவசரம். அதனால் இந்தக் கட்டுரையில் பசை பூசும் படி சின்னதாகவும், மற்றவை நீளமாகவும் இருக்கும்.

லேத்தில் மரம் கடையத் தெரியும், 7 மி.மீ. பித்தளைக் குழாய் வைத்த ஸ்லிம்லைன் வகைக் கிட் (குழாய், உலோகத் துண்டுகள் சேர்ந்த பேனா பாகங்களின் தொகுப்பு) கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். வேறு கிட் என்றால் அளவுதான் மாறும், முறை மாறாது.

1. பசை வாங்குவது

பாட்டிலின் மேல் தின், மீடியம், திக் என்று போட்டிருக்கும். தின் தண்ணீர் போல ஓடும், மரத் துளைக்குள் இறங்கும். மீடியம் விளக்கெண்ணெய்க்குக் கொஞ்சம் இளக்கமாக இருக்கும், மேலே தங்கும். உங்களுக்கு இந்த இரண்டும் போதும். திக், ஜெல் இரண்டும் மேற்பூச்சுக்கு வேண்டாம்; குமிழி அடைத்துக்கொண்டு காய்ந்துவிடும்.

மளிகைக் கடையில் தொங்கும் 0.5 கிராம் ஃபெவிக்விக் டியூபிலும் இருப்பது இதே இனத்துப் பசைதான். ஒரு பேனாவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் பசை பிடிக்கும், அதாவது மூன்று நான்கு டியூப். முதல் முயற்சிக்கு அது சரி. தொடர்ந்து செய்வதென்றால் ஹார்டுவேர் கடையில் 20 கிராம் பாட்டிலாக வாங்குங்கள். கிராம் கணக்கில் பார்த்தால் டியூபை விட மலிவு. பெரிய பாட்டில் இன்னும் மலிவுதான், ஆனால் திறந்த பசை சில மாதங்களில் கெட்டியாகிவிடும். மாதம் இரண்டு பேனா செய்கிறவருக்குப் பெரிய பாட்டில் நஷ்டம்.

வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பாட்டிலைச் சாய்த்தால் தின் பசை தண்ணீர் போல உடனே சாய வேண்டும். நூல் இழுத்தால் அது பழசு. பழைய பசையைக் "கொஞ்சம் கெட்டிதானே, மீடியமாக வைத்துக்கொள்ளலாம்" என்று பயன்படுத்தாதீர்கள். அது சீராகப் பரவாது, வரிவரியாக நிற்கும்.

திறக்காத பாட்டிலை மூடிய டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதி, ஃப்ரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்தால் அறைச் சூட்டுக்கு வரும்வரை, ஒரு மணி நேரமாவது, மூடியைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த பாட்டிலுக்குள் காற்றின் ஈரம் வேர்த்து இறங்கும். இந்தப் பசைக்கு எதிரி ஈரம்தான். திறந்த பாட்டிலை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஆக்டிவேட்டர் ஸ்ப்ரேயை (பசையைச் சட்டென இறுக வைக்கும் திரவம்) அதே டப்பாவில் வைக்காதீர்கள், அதன் ஆவியே பசையை இறுக்கிவிடும்.

2. மற்ற சாமான்கள்

உப்புத்தாள் 150, 240, 320, 400, 600; எண் கூடக் கூடத் தாள் நைசாகும். வாட்டர் பேப்பர் 800 முதல் 2000 வரை; கார் பெயிண்ட் விற்கும் கடையில் கிடைக்கும். மைக்ரோ மெஷ் பட்டைகள் (மெருகேற்றப் பயன்படும் மிக நைசான தேய்ப்புப் பட்டைகள்) கிடைத்தால் நல்லது, ஒன்பது பட்டை கொண்ட ஒரு செட், 1500-இல் தொடங்கி 12000-இல் முடியும். அசிட்டோன் (இந்தப் பசையைக் கரைக்கும் திரவம்), வெர்னியர் (விட்டம் அளக்கும் கருவி), கண்கவசம், வெள்ளை டிஷ்யூ அல்லது கிச்சன் டவல். பூப்போட்ட டிஷ்யூ வேண்டாம், சாயம் இறங்கும்.

லேத்தில் மரத்துண்டைக் கோத்துச் சுழற்றும் கம்பிதான் மாண்ட்ரல்; அதில் மரத்தின் இரு முனையிலும் வைக்கும் அளவு வளையம்தான் புஷ். பசை பூசும்போது வைக்க, ஒட்டாத புஷ் ஒரு ஜோடி வேண்டும். இரும்பு புஷ்ஷை வைத்தே பூசினால் தின் பசை இடுக்கில் இறங்கி, புஷ், குழாய், மாண்ட்ரல் மூன்றையும் ஒன்றாக்கிவிடும். அப்புறம் தட்டிக் கழற்றும்போது முனையில் பூச்சு சில்லாகப் பெயரும். புதியவர்களுக்கு அதிகம் நடப்பது இதுதான். பாலித்தீன், டெஃப்லான் இரண்டிலும் இந்தப் பசை ஒட்டாது. அந்தப் பொருளில் செய்த கூம்பு வடிவ புஷ் வாங்கலாம். வாங்கும்வரை, பால் பாக்கெட் உறையில் சிறு வளையம் வெட்டி புஷ்ஷுக்கும் மரத்துக்கும் நடுவில் வைத்து, புஷ்ஷின் மேல் மெழுகு தேய்த்துச் சமாளிக்கலாம்.

3. கண், மூச்சு, கை

பட்டறையில் எதைத் துடைக்கவும் கை தானாகப் போவது பனியன் வேஸ்ட்டுக்குத்தான். இந்த வேலையில் அதைத் தொடவே கூடாது. பருத்தித் துணியில் சூப்பர் குளூ தாராளமாகப் பட்டால் அது மிக வேகமாக இறுகி, துணி சுட்டுப் புகையும், கை வெந்துவிடும். பருத்திக் கையுறை, பஞ்சு, காது குடையும் பட்ஸ், இவையும் அப்படித்தான். பாலித்தீன் கையுறை போதும். அதுவும் விரலோடு ஒட்டியதாக இருக்க வேண்டும்; தொளதொளவென்று தொங்கும் கையுறையோடு சுழலும் லேத்திடம் போகாதீர்கள். வளையல், துப்பட்டா, முழுக்கைச் சட்டை எல்லாவற்றுக்கும் இதே விதி.

பசையின் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். தலைக்கு மேல் ஓடும் ஃபேன் அந்த ஆவியை உங்கள் முகத்துக்கே தள்ளும். அதை நிறுத்திவிட்டு, உங்களுக்கு எதிர்ப்பக்கம் காற்றை வெளியே இழுக்கும் சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாலும் கண்கவசம் தனியாக வேண்டும், லேத் சுற்றும்போது பசைத் துளி தெறிக்கும்.

விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள், அல்லது அசிட்டோன் தடவுங்கள். கண்ணில் பட்டால் அசிட்டோன் பக்கமே போகக் கூடாது. தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து உடனே மருத்துவரிடம் போங்கள், இமையை இழுத்துத் திறக்க முயலாதீர்கள்.

4. மரம் காய்ந்திருக்கிறதா?

ஈர மரத்தில் போட்ட பூச்சு முதல் வாரம் நன்றாக இருக்கும். மரம் காய்ந்து சுருங்கும்போது பூச்சு அதோடு சுருங்காது, முடி போல விரிசல் விடும். ஈரப்பத மீட்டர் இல்லையென்றால் கிராம் தராசு போதும். கட்டையை வெட்டியதும் எடை எழுதுங்கள், வாரம் ஒருமுறை எடை போடுங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் எடை இறங்காமல் நின்றால் காய்ந்தது என்று கொள்ளலாம். பேனா அளவுக்கு வெட்டிய 19 மி.மீ. சதுரக் கட்டை, முழு மரத்தை விட வேகமாகக் காயும். பழைய கதவு, ஜன்னல் சட்டத்தில் வெட்டிய தேக்கு என்றால் இந்தத் தலைவலியே இல்லை. உள்ளே ஆணி இருக்கிறதா என்று மட்டும் காந்தம் வைத்துப் பாருங்கள்.

குழாயை மரத்துக்குள் ஒட்ட சூப்பர் குளூ வேண்டாம், அரால்டைட் போன்ற இரட்டைப் பசை போடுங்கள். மெருகு கெட்டுப்போனால் அசிட்டோன் வைத்து எடுக்க வேண்டி வரும். குழாயும் சூப்பர் குளூவில் ஒட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து கழன்று வரும்.

மரத்துக்கு மரம் குணம் வேறு. தேக்கும் ஈட்டியும் எண்ணெய்ப் பசை உள்ளவை, பூச்சுக்கு முன் அசிட்டோன் போட்டுத் துடைக்காவிட்டால் பிடிக்காது. துளையும் பெரிது, நிரப்ப வேண்டும். ஈட்டியின் கருஞ்சாயம் அசிட்டோனில் கரைந்து பக்கத்தில் இருக்கும் வெளிர் மரத்தில் ஏறும். இரண்டு மரம் சேர்த்து ஒட்டிய பேனா என்றால் வெளிர் பக்கத்திலிருந்து கரும்பக்கமாக மட்டும் துடையுங்கள். கருங்காலி சூட்டில் வெடிக்கும், தேய்க்கும்போது நிறுத்தி நிறுத்தித் தேய்க்க வேண்டும். பலா மஞ்சளாக இருக்கிறதே என்று வாங்குகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பூச்சு போட்டாலும் வெளிச்சம் பட்டு அது பழுப்பாக மாறத்தான் செய்யும். பூவரசு அடர்த்தியான மரம், புதியவர்களுக்கு நல்ல தொடக்கம்.

5. எவ்வளவு குறைத்துக் கடைவது?

பத்துப் பூச்சுக்குப் பின், சமன் செய்தது போக, விட்டத்தில் ஏறக்குறைய 0.2 மி.மீ. கூடும். மரத்தை புஷ் அளவுக்குச் சரியாகக் கடைந்துவிட்டால் முடிவில் பேனா உடல், உலோகத் துண்டை விடப் புடைத்து நிற்கும், நகம் தட்டும். ஆகவே முனையில் 0.2 மி.மீ. குறைவாகக் கடைந்து நிறுத்துங்கள்.

இங்கே ஒரு வலை இருக்கிறது. புஷ்ஷைப் பார்த்துக் கடையாதீர்கள். நாலைந்து பேனாவுக்கு உப்புத்தாள் பட்ட புஷ் தேய்ந்து சிறுத்திருக்கும். கிட்டில் வரும் உலோகத் துண்டையே வெர்னியரில் அளந்து, ஒவ்வொரு முனைக்கும் அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கிட்டில்கூட மேல் முனையும் நடு வளையமும் வேறு அளவாக இருக்கும்.

மாண்ட்ரல் நட்டை இறுக்கி முறுக்காதீர்கள். இறுக்கினால் கம்பி வில்லாக வளையும், மரம் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலியும். கண்ணுக்குத் தெரியாது. பூச்சைச் சமன் செய்யும்போதுதான் தெரியும், ஒரு பக்கம் மரம் வரைக்கும் தேய்ந்துபோகும்.

6. மரத்தைத் தேய்ப்பது

150-இல் தொடங்கி 600 வரை. ஒவ்வொரு தாளுக்குப் பின்னும் லேத்தை நிறுத்தி, அதே தாளால் நீளவாட்டில் பத்து இழுப்பு இழுங்கள். சுழலும்போது விழுந்த வட்டக் கீறல் போனால்தான் அடுத்த தாள். 240-இல் விட்டுப்போன கீறல் 600-இல் போகாது. பூச்சு போட்டதும் அது பூதக்கண்ணாடி வைத்தது போலத் தெரியும்.

பெரிய துளை உள்ள மரத்துக்கு, 320-இல் தேய்க்கும்போது தின் பசை நாலு சொட்டு விட்டு, ஈரமாக இருக்கும்போதே தாளை வைத்துத் தேய்த்தால் அதே மரத்தூள் பசையோடு கலந்து துளையை அடைக்கும். இரண்டு முறை செய்தால் தேக்குகூட வழவழப்பாகிவிடும். தாள் ஒட்டிக்கொண்டால் விட்டுவிடுங்கள், இழுத்துச் சண்டை போட வேண்டாம்.

7. துடைப்பு

பிரஷ்ஷால் தூசி தட்டி, காற்று ஊதி, டிஷ்யூவில் அசிட்டோன் நனைத்து ஒரு முறை துடையுங்கள். டிஷ்யூ சுத்தமாக வரும்வரை புதிது புதிதாக எடுங்கள். அசிட்டோன் போட்டதும் மரம் நனைந்த நிறம் காட்டும். முடிவில் பூச்சுக்கு அடியில் பேனா எப்படி இருக்கும் என்பதை இப்போதே பார்த்துக்கொள்ளலாம். விட்டுப்போன கீறலும் அந்த நேரத்தில் தெரியும். தெரிந்தால் திரும்பிப் போங்கள்.

அசிட்டோன் முழுக்க ஆவியாக இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். எண்ணெய் மரம் என்றால் அதற்கு மேல் காத்திருக்காதீர்கள், உள்ளிருந்து எண்ணெய் மறுபடி மேலே வரும். இதற்குப் பின் விரல் படக் கூடாது. குற்றத் தடயத் துறையில் கைரேகை எடுப்பது இதே பசையின் ஆவியில்தான். விரலில் உள்ள வியர்வையில் அது போய்ப் படிந்து வெள்ளையாகக் காட்டும். உங்கள் பேனாவிலும் அதைத்தான் செய்யும்.

8. பூசுவது

முதலில் காற்றின் ஈரப்பதம். 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் வேலை சுகம். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கரையோர ஊர்களில் அது எளிதல்ல. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 80-ஐத் தாண்டும். பசை மரத்தில் பரவும் முன்பே இறுகி, டிஷ்யூ ஒட்டி, மேலே வெண்மேகம் படரும். ஏ.சி. போட்ட அறை, அல்லது வெயில் ஏறிய மதியம், இரண்டில் ஒன்று. காலை, இரவு வேண்டாம். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கிச் சுவரில் மாட்டினால் கெட்ட பேனாவுக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம்.

ஒட்டாத புஷ்ஷை மாட்டுங்கள். லேத் வேகம் நிமிடத்துக்கு 400 முதல் 600 சுற்று. டிஷ்யூவை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, நாலு மடிப்பாக மடித்து, பேனாவுக்கு அடியில் லேசாகத் தொடும்படி பிடியுங்கள். விரலில் சுற்றாதீர்கள்.

தின் பசையை மேலிருந்து இடமிருந்து வலமாகச் சொட்டவிட்டபடி, டிஷ்யூவையும் கூடவே நகர்த்துங்கள். 53 மி.மீ. நீளமுள்ள ஒரு துண்டுக்கு மூன்று நாலு சொட்டு போதும். ஒரு போக்கு, ஒரு வரவு, எல்லாம் மூன்று நாலு நொடிக்குள். பிறகு கையை எடுத்துவிடுங்கள். ஒரு இடம் விட்டுப்போய்விட்டதே என்று திரும்பப் போனால் பாதி இறுகிய பசை சுருண்டு வரப்பு விழும். விட்ட இடத்தை அடுத்த பூச்சு பார்த்துக்கொள்ளும்.

தின் பசைக்கு ஒரு நிமிடம் காத்திருங்கள், மரம் குடித்துக்கொள்ளும். இப்படி மூன்று பூச்சு. பிறகு லேத்தை நிறுத்தி 400 தாளால் நீளவாட்டில் மெல்லத் தட்டிவிட்டது போல் தேய்த்து, தூசியைத் துடையுங்கள்.

அடுத்து மீடியம், ஆறு முதல் எட்டுப் பூச்சு. இதற்கு இரண்டே சொட்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு மூன்று நிமிடம். ஒவ்வொரு பூச்சுக்கும் டிஷ்யூவின் புதிய இடம். காய்ந்த இடம் மேற்பரப்பைக் கீறும். சீராகப் பரவினால் லேத் சுற்றும்போது கண்ணாடி போல் ஒரே வெளிச்சக்கோடு தெரியும். கோடு நெளிந்தால் வரப்பு விழுந்திருக்கிறது. பெரிய வரப்பு என்றால் அடுத்த பூச்சுக்கு முன் 400-ஆல் தட்டிவிடுங்கள். சின்னது என்றால் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆக்டிவேட்டர் ஸ்ப்ரே அடிக்கலாமா? முதல் பத்துப் பேனாவுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அவசரத்துக்கு அடிக்கிற ஒவ்வொருவரும் அருகில் வைத்து, நிறைய அடிக்கிறார்கள். பசை ஒரே நொடியில் சூடேறி இறுகும்போது உள்ளே நுண்ணிய குமிழி பூத்து வெள்ளையாகிவிடும், அதைத் தேய்த்தும் எடுக்க முடியாது. அடித்தே ஆக வேண்டுமென்றால் ஒரு அடி தள்ளி, ஒரே ஒரு மெல்லிய தூவல், அதுவும் பூச்சு தானாக இறுகத் தொடங்கிய பிறகு.

பசையோடு ஆளிவிதை எண்ணெய் கலந்து பூசும் முறையும் உண்டு, வழுக்கிக்கொண்டு போகும், வரப்பு விழாது. ஆனால் அந்த எண்ணெய் பட்ட டிஷ்யூவைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. அதைப் பரப்பிக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கிவிட வேண்டும். இரண்டு வித்தையை ஒரே நேரத்தில் பழக வேண்டாம்.

9. ஓர் இரவு விடுங்கள்

மேலே தொட்டால் காய்ந்தது போல் இருக்கும், உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். அன்றைக்கே தேய்த்தால் தாளின் சூட்டில் பூச்சு இளகி இழுபடும். மறுநாள் பார்த்தால் மெல்ல அமுங்கி, மர வரிகள் மேலே தெரியும். குறைந்தது எட்டு மணி நேரம், முடிந்தால் முழுநாள்.

10. சமன் செய்வது

மெருகு உண்மையில் உருவாவது இந்தப் படியில். மெதுவாகப் படியுங்கள்.

பூசி முடித்த பேனா பளபளக்கும், ஆனால் அது மேடு பள்ளமான பளபளப்பு. விளக்கொளியில் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளியாகத் தெரியும். 400 தாளை எடுத்து, லேத்தை 500 சுற்றில் வைத்து, அழுத்தாமல் தேயுங்கள். நிறுத்திப் பாருங்கள். தேய்ந்த இடம் மங்கி வெண்மையாக இருக்கும், பள்ளமான இடம் இன்னும் மினுமினுக்கும். மினுமினுக்கும் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் பேனா முழுவதும் ஒரே மங்கலாகும்வரை தேய்க்க வேண்டும். நல்ல பேனாவைக் கெடுத்துவிட்டோமே என்று பயம் வரும். புள்ளி மிச்சம் இருக்கும்போது அடுத்த தாளுக்குத் தாவுகிறவர்கள் இந்தப் பயத்தால்தான் தாவுகிறார்கள். அந்தப் புள்ளி 12000 வரைக்கும் போனாலும் அப்படியே இருக்கும்.

அதே சமயம் மரம் வரை இறங்கிவிடக் கூடாது. முனைகளில்தான் முதலில் இறங்கும், அங்கே கையை இலேசாக வையுங்கள். தூசி வெள்ளையாக வரும்வரை பூச்சுதான் தேய்கிறது. மரத்தின் நிறம் தூசியில் கலந்தால் உடனே நிறுத்துங்கள். இறங்கிவிட்ட இடம் வேறு நிறமாகத் திட்டுத் தெரியும். அங்கே மட்டும் ஒட்டுப்போடாதீர்கள். துடைத்து, முழுப் பேனாவுக்கும் தின் இரண்டு, மீடியம் மூன்று போட்டு, மறுபடி ஓர் இரவு.

சமனானதும் 600-ஆல் சுழற்சியில் ஒரு முறை, நீளவாட்டில் ஒரு முறை.

11. மெருகேற்றுவது

இனித் தண்ணீர் சேர்த்துத் தேய்க்கலாம். அதற்கு முன் இரண்டு முனையிலும் மரம் திறந்து தெரியும் வெட்டுமுகத்தில் பல்குச்சியால் தின் பசை தொட்டு வையுங்கள். இல்லாவிட்டால் அங்கே தண்ணீர் ஏறி மரம் ஊதி, முனையைச் சுற்றி வெள்ளை வளையம் விழும், அங்கிருந்து பூச்சு பெயரும்.

ஒரு கிண்ணம் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. வாட்டர் பேப்பர் 800, 1000, 1500, 2000 வரிசையில், ஒவ்வொன்றும் அரை நிமிடம், நடுவில் துடைப்பு, நீளவாட்டில் சில இழுப்பு. பிறகு கார் பாலிஷோ பிளாஸ்டிக் பாலிஷோ டிஷ்யூவில் தொட்டுத் தேய்த்தால் முகம் தெரியும்.

மைக்ரோ மெஷ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் எண்ணும் வாட்டர் பேப்பர் எண்ணும் ஒன்றல்ல. மைக்ரோ மெஷ் 1500 என்பது சாதாரணத் தாளில் 600, 800-க்குப் பக்கத்தில்தான் வரும். 2000 வாட்டர் பேப்பர் முடித்துவிட்டு மைக்ரோ மெஷ் 1500-க்குப் போனால் புதிதாகக் கீறல் போடுகிறீர்கள் என்று பொருள். 600 முடிந்ததும் நேராக மைக்ரோ மெஷ் செட்டுக்குப் போங்கள், ஒன்பதையும் வரிசையாக முடியுங்கள், ஒன்றையும் தாண்டாதீர்கள்.

சிலிக்கான் கலந்த பாலிஷைக் கடைசிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது பட்ட இடத்தில் பிறகு பசை பிடிக்காது, பழுது பார்க்க முடியாது.

12. பொருத்துவதற்கு முன்

கழற்றியதும் முனையைப் பாருங்கள். பசை வழிந்து உதடு போல் நீட்டியிருக்கும். சமமான கண்ணாடித் துண்டின் மேல் 400 தாளை வைத்து, பேனாத் துண்டைச் செங்குத்தாக நிறுத்தி, சுற்றிச் சுற்றி இரண்டு மூன்று முறை தேய்த்தால் போய்விடும். சாய்த்தால் முனை கோணலாகும். குழாயின் உள்வாயில் ஒட்டிய பசையையும் கத்தி முனையால் சுரண்டி எடுங்கள். அதை விட்டுவிட்டு உலோகத் துண்டை அழுத்தி ஏற்றினால் இடம் போதாமல் மரம் வெடிக்கும். இத்தனை படி தாண்டி, கடைசி நிமிடத்தில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

வைஸில் அழுத்தும்போது தாடைக்கு மரத்துண்டு கொடுங்கள். பூசிய அன்றே பொருத்தி டப்பாவில் மூடாதீர்கள். மிச்ச ஆவி உலோகப் பகுதியில் பனி போலப் படியும்.

கெட்டால் என்ன காரணம்?

துளைக்குள் வெள்ளைப் புள்ளி: தேய்த்த தூசி ஊதி எடுக்கப்படவில்லை. வெளியில் வெண்மேகம், துடைத்தால் போகிறது: காற்றில் ஈரம், ஆவி தேங்கியது, பாலிஷிலேயே சரியாகும். உள்ளே வெண்மை, துடைத்தாலும் போகவில்லை: ஆக்டிவேட்டர், அல்லது ஈர மரம். முனையிலிருந்து தோல் போல உரிகிறது: எண்ணெய் மரத்தைத் துடைக்கவில்லை, அல்லது தண்ணீர் ஏறியது. மாதம் கழித்து நீளவாட்டில் விரிசல்: காயாத மரம்.

திருத்த முடியாது என்று தெரிந்தால் ஸ்கியூ உளியால் (சாய்ந்த முனை உளி) பூச்சை மெல்லச் சீவி எடுத்து, 320-இலிருந்து மறுபடி தொடங்குங்கள். பேனா போகவில்லை, நேரம்தான் போகும்.

நேரம், செலவு, பில்

மரம் தேய்க்க இருபது நிமிடம், பூச அரை மணி, ஓர் இரவு, மறுநாள் சமனுக்கும் மெருகுக்கும் அரை மணி. 20 கிராம் பாட்டிலில் பத்துப் பேனா தேறும். ஒரு பேனாவுக்குப் பசைச் செலவை விட வாட்டர் பேப்பர் செலவு கூடுதலாகத் தெரியும். தாளைச் சேமிக்கிறேன் என்று மழுங்கிய தாளால் அழுத்தித் தேய்த்தால் சூடு ஏறிப் பூச்சு வெடிக்கும். தேய்ந்ததைத் தூக்கிப் போடுங்கள்.

ஒரு நோட்டில் மரம், அன்றைய ஈரப்பதம், எத்தனை பூச்சு, எத்தனை மணி நேரம் விட்டீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். ஐந்தாவது பேனாவிலேயே பயன் தெரியும்.

விற்பதற்காகச் செய்கிறீர்கள் என்றால் மரம் வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள். செம்மரமும் சந்தனமும் கட்டுப்பாட்டில் உள்ளவை. "துண்டுதானே" என்று பில் இல்லாமல் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். ஈட்டி சேர்ந்த டல்பெர்ஜியா பேரினம், முதல் பட்டியலில் உள்ள பிரேசில் ஈட்டி தவிர, முழுவதும் 2017 முதல் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஈட்டிப் பேனா அனுப்புவதென்றால், பணம் வாங்குவதற்கு முன் எந்தத் தாள் வேண்டும், எதற்கு விலக்கு என்று ஏற்றுமதி விதியைப் பார்த்துவிடுங்கள்.

பேனாவைக் கொடுக்கும்போது வாங்குகிறவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டால் பூச்சு கரைந்துவிடும். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் பேனாவை விட்டுவிட்டுப் போகக் கூடாது; பித்தளை விரியும், மரம் சுருங்கும், நடுவில் நிற்கும் பூச்சு வெடிக்கும். ஒரு வருடம் கழித்து மெல்லிய கீறல் விழுந்து மங்கினால் புதிதாகப் பூச வேண்டியதில்லை, கார் பாலிஷ் ஒரு தொடு தொட்டுத் தேய்த்துக்கொள்ளலாம்.